எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருப்பவருக்குத் தமிழ்ச் சொற்களைத் திரையில் காட்ட: ப்ரொஜெக்டர், கண்ணாடி, டிரிகர் பற்றி உதவி வேண்டும்

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தமிழ் வாசிக்கும்போது பார்வைப் புறணியும் (பிடரிப் பக்கம், கண் காண்பதைக் கையாளும் மூளைப்பகுதி) அதை ஒட்டிய பகுதிகளும் எப்படி வேலை செய்கின்றன என்பது தலைப்பு. கருவி எஃப்.எம்.ஆர்.ஐ., அதாவது மூளையில் ரத்த ஓட்டம் மாறுவதைப் படமெடுக்கும் முறை. எங்கள் துறைக்குச் சொந்த ஸ்கேனர் கிடையாது. ஒரு மருத்துவமனையில் அன்றைய நோயாளிகள் முடிந்தபின் மாலையில் 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) இயந்திரத்தை எங்களுக்கு விடுகிறார்கள். அங்கே ஆய்வுக்கான திரை, பொத்தான் பெட்டி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நாங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போதைய ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஸ்கேனரின் தலைப்பக்கச் சுவரில் ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. அதற்குப் பின்னால் உபகரண அறை. அங்கே வகுப்பறையில் பயன்படுத்தும் சாதாரண ப்ரொஜெக்டர் ஒன்றை வைத்து, குழாய் வழியாக ஒளியை அனுப்புகிறோம். ஸ்கேனர் குழாயின் தலைப்பக்க வாயில் பிவிசி சட்டத்தில் இழுத்துக் கட்டிய டிரேசிங் ஷீட்தான் திரை. ப்ரொஜெக்டரிலிருந்து திரை வரை ஏறத்தாழ 4 மீட்டர். ஒளி பின்னாலிருந்து வருவதால் ப்ரொஜெக்டர் மெனுவில் ‘ரியர்’ என்று வைத்திருக்கிறோம். படுத்திருப்பவர் ஹெட் காயிலின் (தலையைச் சுற்றி வைக்கும், சமிக்ஞை வாங்கும் கூடு) மேல் சாய்வாக உள்ள முகம் பார்க்கும் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்ப்பார். நிரல் சைக்கோபை என்ற ஆய்வு மென்பொருளில் எழுதியது.

சொற்களுக்குப் போவதற்கு முன் ஒத்திகையாக, திரையின் இடப்பாதியில் மினுக்கும் சதுரங்கக் கட்டம் 15 விநாடி, வெறும் திரை 15 விநாடி, அப்புறம் வலப்பாதியில் 15 விநாடி என்று மாற்றி மாற்றிக் காட்டினோம். எங்கள் ஆய்வகத்துத் தோழிகள் இருவர் படுத்தார்கள். மூன்று விஷயங்கள் குழப்புகின்றன.

முதலாவது, இடப்பக்கம் காட்டும்போது படத்திலும் இடப்பக்கப் பிடரிதான் ஒளிர்கிறது. பாடப்புத்தகத்தின்படி வலப்பக்கம் அல்லவா வர வேண்டும்? இரண்டாவது, முதல் தோழிக்கு நல்ல செயல்பாடு தெரிந்தது, இரண்டாமவருக்கு மிகவும் மங்கல். (அவர் மூக்குக் கண்ணாடி அணிபவர். உலோகச் சட்டம் என்பதால் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார்.) ஸ்கேனரை இயக்கும் கன்சோலில் இருப்பவர் ‘ஸ்டார்ட்’ என்று சொல்ல, நான் நிரலைத் தொடங்க லேப்டாப்பில் ஸ்பேஸ் பாரை அழுத்துவேன். மூன்றாவது, திரையில் படம் சிறியதாகவும் எழுத்துகள் பல்பல்லாகவும் தெரிகின்றன.

பேராசிரியர் இதற்கென்றே விற்கும் வீடியோ காகிள்ஸ் வாங்கிவிடலாம் என்கிறார். வாங்கினால் இவை தீருமா, அல்லது இருப்பதையே சரிசெய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

*

ஒளித்திரை எழுதியது:

கயல்விழி, நான் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்கேனருக்குள் படம் காட்டும் பொறுப்பில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரிடமும் முதல் நாள் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் ஒத்திகையின் முதல் ஆளாக நீங்களே உள்ளே படுங்கள். லேப்டாப்பில் தெரிவது வேறு, குழாய்க்குள் படுத்தவரின் கண்ணுக்குப் போய்ச் சேருவது வேறு. நீங்கள் கேட்டிருக்கும் மூன்றும் அந்த இடைவெளியில் பிறந்தவைதான். உலோகச் சோதனை எல்லாம் முறைப்படி முடித்துவிட்டுப் படுங்கள். ஸ்கேன்கூட ஓட வேண்டியதில்லை, திரையைப் பார்த்தால் போதும்.

முதல் கேள்வி. ‘ரியர்’ என்று வைத்திருப்பதுதான் காரணம் என்பேன். அந்த வசதி, திரைக்கு மறுபக்கம் நின்று நேராகப் பார்ப்பவருக்காக வைத்தது. உங்கள் ஏற்பாட்டில் படுக்கையின் கால்பக்கம் நின்று பார்த்தால் எழுத்து சரியாகத் தெரிந்திருக்கும். ஆனால் படுத்திருப்பவர் நேராகப் பார்க்கவில்லை, ஒரு கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். ஒற்றைக் கண்ணாடி இடவலத்தை மாற்றிவிடும். மேல் கீழ் மாறாது. அதனால் கால்பக்கம் நிற்பவருக்கு எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால்தான் உள்ளே படுத்தவருக்கு நேராகத் தெரியும். ப்ரொஜெக்டரைச் சாதாரண நிலைக்கே கொண்டுவந்து விடுங்கள். சில காயில்களில் இரட்டைக் கண்ணாடி இருக்கும், அப்போது கணக்கு மறுபடி மாறும். மனக்கணக்கை நம்பாமல் திரையில் ‘க’ என்று பெரிதாகப் போட்டு, உள்ளே படுத்துப் பாருங்கள். சதுரங்கக் கட்டத்தில் இடம் எது வலம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் தோழிகள் எதுவும் சொல்லாததற்கு அதுதான் காரணம். சொற்களைக் காட்டியிருந்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். இடவலம் மாறக்கூடிய இடம் இன்னொன்றும் உண்டு. மருத்துவர்கள் பார்க்கும் மென்பொருளில் நோயாளி நம்மை நோக்கி இருப்பதாக வைத்து, அவருடைய வலப்பக்கத்தைப் படத்தின் இடப்பக்கம் காட்டுவார்கள். எஸ்.பி.எம். போன்ற ஆய்வு மென்பொருளில் இடம் இடமாகவே வரும். இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் மாறியிருந்தால் ஒன்றை ஒன்று ஈடுசெய்து, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். அது இன்னும் ஆபத்து. இதைத் தீர்க்க எளிய வழி, படுப்பவரின் வலது பொட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை டேப் போட்டு ஒட்டிவிடுவது. உள்ளே எண்ணெய் இருப்பதால் உடற்கூறுப் படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். எந்தப் பக்கம் வலம் என்பதில் அப்புறம் வாதமே வராது.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. ‘ஸ்டார்ட்’ என்ற சொல்லைக் கேட்டு ஸ்பேஸ் பார் அழுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கன்சோலில் பொத்தானை அழுத்தியதும் இயந்திரம் உடனே உங்கள் படங்களை எடுக்கத் தொடங்குவதில்லை. தன்னைச் சரிசெய்துகொள்ளும், சமிக்ஞை நிலைப்படுவதற்காகக் கணக்கில் வராத சில சுற்றுகள் ஓடும், அதன்பிறகே உங்கள் கோப்பில் வரும் முதல் படம். அந்த இடைவெளி சில விநாடிகள் இருக்கலாம், ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகவும் இருக்காது.

மூளையின் ரத்த ஓட்ட மறுமொழியே மெதுவானது. தூண்டல் வந்து ஏறத்தாழ 2 விநாடி கழித்து எழும்பி, 5 அல்லது 6 விநாடியில் உச்சிக்குப் போய், பிறகு இறங்கும். மென்பொருள் இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பொருத்திப் பார்க்கிறது. அதற்கு மேல் நீங்கள் தரும் தொடக்க நேரமும் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். எளிமைக்காக ஒரு பக்கத்தை மட்டும் 15 விநாடி காட்டி 15 விநாடி ஓய்வு என்று வைத்தால் சுழற்சி 30 விநாடி. மறுமொழி ஏறத்தாழ ஓர் அலைபோல ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 5 விநாடி தள்ளிப்போனால் பொருத்தம் பாதியாகிவிடும். ஏழரை விநாடி தள்ளிப்போனால் மூளை முழுமூச்சாக வேலை செய்திருந்தாலும் உங்கள் வரைபடத்தில் ஒன்றுமே தெரியாது. இரண்டாவது தோழிக்கு மங்கலாக வந்ததில் இதற்குப் பெரிய பங்கு இருக்கலாம். பிடரியில் ஒரு புள்ளியை எடுத்து, அதன் சமிக்ஞையை நேரப்படி வரைந்து பாருங்கள். ஏற்ற இறக்கம் அழகாக இருந்து, இடம் மட்டும் தள்ளியிருந்தால் நேரத் தவறு என்று தெரிந்துவிடும். தரவு வீணாகவில்லை, தொடக்க நேரத்தைத் திருத்தினால் போதும்.

நிரந்தரத் தீர்வு டிரிகர். ஸ்கேனர் ஒவ்வொரு மூளைப் படச் சுற்றின் தொடக்கத்திலும் ஒரு சிறு மின்துடிப்பையோ ஒளித்துடிப்பையோ வெளியே அனுப்பும். பெரும்பாலான 3 டெஸ்லா இயந்திரங்களில் அதற்கான வாய் உபகரண அறையிலேயே இருக்கிறது, மருத்துவமனையில் யாரும் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். நிறுவனத்தின் சர்வீஸ் பொறியாளரிடம் கேட்டு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக எதையும் கழற்ற வேண்டாம். அந்தத் துடிப்பை வாங்கி, கீபோர்டில் 5 என்ற விசையை அழுத்தியதுபோல லேப்டாப்புக்குச் சொல்லும் சிறு பெட்டி விற்கிறார்கள். அர்டுயினோ லியனார்டோ போன்ற ஒரு பலகையிலும் செய்யலாம், அது தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளக்கூடியது. ஸ்கேனருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் மின்தொடர்பு இல்லாதபடி, துடிப்பை ஒளியாக மட்டும் கடத்தும் ஆப்டோ ஐசொலேட்டர் கட்டாயம் வையுங்கள். கணக்கில் வராத சுற்றுகளுக்கும் துடிப்பு வருகிறதா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். ஒரு முழு ஓட்டத்தில் வந்த துடிப்புகளை எண்ணி, கோப்பில் உள்ள படங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிரலில் ஒரு மாற்றம். முதல் துடிப்பு வந்ததும் கடிகாரத்தைப் பூஜ்ஜியமாக்கி, ஒவ்வொரு தூண்டலும் எந்த விநாடியில் வர வேண்டும் என்பதை அந்தப் பூஜ்ஜியத்திலிருந்தே எழுதி வையுங்கள். ‘அரை விநாடி காட்டு, ஒன்றரை விநாடி காத்திரு’ என்று அடுக்கிக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிரேம் (திரை ஒருமுறை புதுப்பிக்கும் நேரம்) கூடிவிட வாய்ப்பு உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவிநாடி. 150 சொற்கள் போவதற்குள் இரண்டரை விநாடி நழுவிவிடும். லேப்டாப் திரையையும் ப்ரொஜெக்டரையும் ஒரே படத்தை இரண்டிலும் காட்டும் நிலையில் வைக்காதீர்கள், நிரல் எந்தத் திரையின் புதுப்பிப்புக்குக் காத்திருக்கிறது என்பதே தெரியாமல் போகும். ப்ரொஜெக்டருக்கே தனித் திரையாகக் கொடுங்கள்.

மூன்றாவது கேள்வி, படம் சிறியது, பல்பல்லாக இருப்பது. வகுப்பறை ப்ரொஜெக்டர் பெரிய சுவரை நிரப்பப் பிறந்தது. 4 மீட்டரில் அது ஏறத்தாழ 2 மீட்டர் அகலப் படம் போடும். குழாய்த் திரையில் உங்களுக்குத் தேவை 38 சென்டிமீட்டர் போல. அப்படியானால் 1920 பிக்சலில் நடுவில் உள்ள 365 பிக்சல்தான் திரையில் விழுகிறது. மீதி ஒளி சுவரில் வீணாகிறது. மங்கலுக்கும் பல்லுக்கும் அதுவே காரணம். தீர்வு, நெடுந்தூரம் எறியும் லென்ஸ் மாட்டக்கூடிய ப்ரொஜெக்டர். தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தால் வரும் எண் உங்களுக்குப் பத்தரை வருகிறது. லென்ஸ் மாற்ற முடிகிற மாடல்களிலும் பத்துக்கு மேல் போகும் லென்ஸ் அபூர்வம், அதனால் ஸ்கேனர் ஆய்வகங்களுக்கென்றே லென்ஸ் செய்து தருபவர்களிடம் கேட்பது நல்லது. காகிள்ஸ் வாங்கும் பணத்தில் இதைச் செய்யலாம் என்பது என் கருத்து.

காகிள்ஸ் மோசம் என்று சொல்லவில்லை. எஃப்.எம்.ஆர்.ஐ. தொடங்கியதே அப்படித்தான். 1992இல் வெளியான ஆய்வில், பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கென்னத் குவாங்கின் குழு, விநாடிக்கு 8 முறை மினுக்கும் காகிள்ஸை மாட்டிவிட்டுத்தான் பார்வைப் புறணியின் மறுமொழியைப் படம்பிடித்தது. ஆனால் சொல் வாசிக்க வைக்கும் ஆய்வுக்கு, ஒவ்வொருவர் முகத்துக்கும் காகிள்ஸைப் பொருத்துவது பெரிய வேலை. தலையை இறுக்கமாகப் பிடிக்கும் 32 சேனல் காயிலுக்குள் பல மாடல்கள் நுழையாது. ஒரு கண்ணுக்குச் சரியாகவும் மறு கண்ணுக்கு ஓரம் வெட்டுப்பட்டும் தெரிந்தால் படுத்திருப்பவர் சொல்லாமலே இருந்துவிடுவார். திரையும் கண்ணாடியும் என்றால் நீங்களே உள்ளே போய்ப் பார்த்துவிடலாம்.

*

காந்தஅறை எழுதியது:

தங்கச்சி, நான் ரேடியோகிராஃபர். ஒளித்திரை மேடம் சொன்னது எல்லாம் சரி. நான் அறைப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

ப்ரொஜெக்டரை உபகரண அறையில் வைத்தது நல்லது, ஒரு நாளும் அதை உள்ளே கொண்டுபோகாதீர்கள். படம் எடுக்காத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். மாலையில் ஆள் குறைவு, எல்லோரும் களைத்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் சட்டைப்பையில் கத்தரிக்கோலோடு யாராவது உள்ளே நுழைவார்கள். டிரேசிங் ஷீட்டைச் சட்டத்தில் பிடிக்க பைண்டர் கிளிப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். துணி நாடா, பிளாஸ்டிக் கிளிப், டேப் போதும். சட்டத்தை இணைக்கும் திருகாணிகூட பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ஆய்வகத் தோழிதானே, நேற்றும் படுத்தாரே என்று உலோகப் படிவத்தைத் தாண்டிவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

அந்தப் பித்தளைக் குழாய் பற்றி. அறை முழுவதும் செம்பு போர்த்தியது, வெளி ரேடியோ அலை உள்ளே வராமல் இருக்க. 3 டெஸ்லாவில் நாம் கேட்கும் சமிக்ஞை ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ். அது எஃப்.எம். வானொலி அலைவரிசைக்குச் சற்று மேலே இருக்கிறது. குழாயின் நீளமும் விட்டமும் அந்த அலைகளை நுழைய விடாத அளவில் செய்தவை. ஒளி போகும், கண்ணாடி இழை போகும், காற்றுக் குழாய் போகும். ஆனால் அதன் வழியாக ஒரே ஒரு செம்புக் கம்பியை விட்டாலும் அது ஆன்டெனாவாகி, வெளியே உள்ள இரைச்சலை எல்லாம் உள்ளே கொண்டுவந்துவிடும். படத்தில் ஜிப் தைத்ததுபோல் புள்ளிப் புள்ளியாகக் கோடு வரும். அடுத்து பொத்தான் பெட்டி வைக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். யுஎஸ்பி கம்பியை இதன் வழியாக நீட்டிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆப்டிகல் ஃபைபரில் வேலை செய்யும் பெட்டிதான் வேண்டும். உலோகக் கம்பி உள்ளே வளையமாகக் கிடந்தால் சூடேறி உடம்பைச் சுடவும் செய்யும். கதவை லேசாகத் திறந்து வைத்து ஸ்கேன் பண்ணுவதும் கூடாது.

இன்னொன்று. மினுக்கும் கட்டம் காட்டுகிறீர்கள். வலிப்பு வந்தவரா, ஒளி மினுக்கினால் தலைசுற்றுமா என்று படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள். குழாய்க்குள் ஒருவருக்கு வலிப்பு வந்தால் வெளியே இழுப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். அழைப்புப் பந்தைக் கையில் கொடுத்து, அழுத்திப் பார்க்கச் சொல்லி, சத்தம் கேட்ட பிறகே உள்ளே அனுப்புங்கள்.

காலையில் முதல் நோயாளி வருவதற்குள் திரை, சட்டம், கண்ணாடி எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். ப்ரொஜெக்டர் நின்ற இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். படுக்கை எவ்வளவு உள்ளே போனது என்பது ஸ்கேனர் முகப்பிலேயே மில்லிமீட்டரில் தெரியும், எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாலையும் படத்தின் அளவு மாறும்.

*

லென்ஸ்பெட்டி எழுதியது:

நான் கண் பரிசோதகர். கேள்வியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் வரிதான் என் கண்ணில் பட்டது. அந்தத் தோழியின் கண்ணாடிப் பவர் என்ன? மைனஸ் 3 என்று வைத்துக்கொண்டால், கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெளிவாகத் தெரிவது 33 சென்டிமீட்டர் வரைதான். உங்கள் திரை ஒரு மீட்டருக்கும் அப்பால் இருக்கும். பெரிய கட்டம் மினுக்குவது தெரியும், ஓரங்கள் கரைந்து, கறுப்பு வெள்ளை வேறுபாடு குறையும். பார்வைப் புறணி அந்த வேறுபாட்டுக்குத்தான் மறுமொழி தருகிறது. நேரத் தவறோடு இதுவும் சேர்ந்திருக்கும். சொற்கள் என்றால் அவரால் வாசிக்கவே முடிந்திருக்காது.

பிளாஸ்டிக் சட்டமும், மாற்றி மாற்றிப் போடக்கூடிய பிளாஸ்டிக் லென்ஸ்களும் கொண்ட தொகுப்பு ஸ்கேனர் அறைகளுக்கென்றே கிடைக்கிறது. வாங்க முடியாவிட்டால் ஒரு கண்ணாடிக் கடையில் முழுப் பிளாஸ்டிக் சட்டம் எடுத்து, அரை டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) இடைவெளியில் லென்ஸ்கள் செய்து வாங்கலாம். மூக்குத் தாங்கியிலும் கீலிலும் திருகாணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிளாஸ்டிக் என்று விற்பதிலும் கீல் உலோகமாகத்தான் இருக்கும். காயில் இறுக்கமாக இருந்தால் காதுப் பக்கக் கைகளை எடுத்துவிட்டு முன்சட்டத்தை மட்டும் நெற்றியில் டேப் போட்டு ஒட்டுகிறார்கள். கான்டாக்ட் லென்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு அது சுலபம், ஆனால் நிறமூட்டிய லென்ஸ் வேண்டாம். சிலவற்றின் சாயத்தில் இரும்பு ஆக்சைடு இருக்கும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் இன்னொரு கணக்கு. அவர்கள் படிக்கும் கண்ணாடி 40 சென்டிமீட்டருக்குச் செய்தது, அதற்கு இரண்டரை டயாப்டர் தேவை. ஒரு மீட்டரில் இருக்கும் திரைக்கு ஒரு டயாப்டர்தான் தேவை. வீட்டில் பேப்பர் படிக்கும் பவரை அப்படியே போட்டுவிட்டால் திரை மங்கிவிடும். ‘கண்ணாடி போட்டுவிட்டோம்’ என்ற நிம்மதியில் நீங்கள் இருப்பீர்கள். உள்ளே படுத்த பிறகு, ஸ்கேன் தொடங்கும் முன், திரையில் படிப்படியாகச் சிறுத்துப்போகும் எழுத்து வரிகளைக் காட்டி வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆய்வுச் சொற்களின் அளவைவிட இரண்டு படி சிறிய வரியையும் அவர் வாசிக்க வேண்டும்.

*

கயல்விழி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று நானே உள்ளே படுத்துப் பார்த்தேன். ஒளித்திரை அக்கா சொன்னதுபோல ‘க’ இடவலம் மாறித்தான் தெரிந்தது. ப்ரொஜெக்டரைச் சாதாரண நிலைக்கு மாற்றியாயிற்று. தோழியின் பவர் மைனஸ் 2.75. பழைய தரவில் பிடரிப் புள்ளியை வரைந்து பார்த்தேன், ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஆனால் கணித்த இடத்தைவிட முந்தி வருகிறது. சர்வீஸ் பொறியாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பேராசிரியரும் காகிள்ஸைத் தள்ளிவைத்துவிட்டு லென்ஸுக்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறார்.

இனி சொற்கள். இரண்டு கேள்விகள். ஒன்று, சில சொற்களில் கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. என் லேப்டாப்பில் சரியாக இருக்கிறது, ஸ்கேனர் பக்கம் வைத்திருக்கும் கணினியில் இப்படி. இரண்டு, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இப்போது நிஜச் சொற்கள் எல்லாம் மூன்றெழுத்துச் சொற்களாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், அளவு ஒத்துப்போகும் என்று.

*

ஒளித்திரை எழுதியது:

நல்ல வேகம், கயல்விழி.

கொம்பு பற்றி: தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரையும் வேலையை ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். எல்லாச் சொற்களையும் சரியாகத் தெரியும் கணினியில் முன்கூட்டியே படங்களாக, பிஎன்ஜி கோப்புகளாகச் செய்து, நிரலில் படமாகவே காட்டுங்கள். எந்தக் கணினியில் ஓட்டினாலும் ஒரே பிக்சல்கள்தான் வரும். எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்து, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒப்பீட்டுக்காகக் கலைத்துப்போட்ட படங்கள் செய்வதும் இதனால் சுலபமாகும், அதே பிக்சல்களைத் துண்டாக்கி இடம் மாற்றினால் மொத்த வெளிச்சம் மாறாமல் இருக்கும்.

எழுத்து எண்ணிக்கையை வைத்து அளவை ஒப்பிடுவது தமிழில் நடக்காது. ‘படம்’ மூன்றெழுத்து, ‘கொடை’ இரண்டெழுத்து. திரையில் போட்டுப் பாருங்கள், ‘கொடை’தான் அகலம். கொம்பு, கால், ஐகாரக் குறி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கின்றன. பார்வைப் புறணியின் தொடக்கப் பகுதிகளுக்கு எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. கோடும் வளைவும் எவ்வளவு இடத்தில் பரவியிருக்கின்றன என்பதுதான் அவற்றுக்குச் செய்தி. நிஜச் சொற்களும் ஒப்பீட்டுக்கு வைக்கும் பொருளற்ற போலிச் சொற்களும் அகலத்தில் வேறுபட்டால், சொல்லின் பொருளால் வந்தது என்று நீங்கள் எழுதப்போகும் வேறுபாடு வெறும் அகலத்தால் வந்ததாக இருந்துவிடும். அதனால் பிக்சல் அகலத்தையும், மை விழுந்த பிக்சல்களின் எண்ணிக்கையையும் இரண்டு பட்டியலிலும் ஒப்பிட்டுச் சமன்செய்யுங்கள். போலிச் சொல்லை நிஜச் சொல்லின் அதே குறிகளை இடம் மாற்றிச் செய்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அளவைச் சென்டிமீட்டரில் சொல்லாமல் பார்வைக் கோணத்தில் சொல்லுங்கள். கண்ணிலிருந்து கண்ணாடி வரை, கண்ணாடியிலிருந்து திரை வரை, இரண்டையும் கூட்டினால் வருவது தூரம். உங்களுக்கு 12ம் 95ம் சேர்ந்து 107 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள் (துணி டேப், இரும்புச் சுருள் டேப் வேண்டாம்). 38 சென்டிமீட்டர் அகலப் படம் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 20 டிகிரி. திரையின் பாதியை நிரப்பும் சொல் 10 டிகிரி. அதே கோப்பை 31 சென்டிமீட்டர் அகல லேப்டாப்பில் அரை மீட்டரில் உட்கார்ந்து பார்த்தால் பதினேழரை டிகிரி. மேசையில் வசதியாகத் தெரிந்த எழுத்து உள்ளே போனதும் சுருங்கிவிடுவது இதனால்தான். கண்ணை நகர்த்தாமல் ஒரே பார்வையில் வாசிக்க, சொல் முழுவதும் 4 முதல் 6 டிகிரிக்குள் அடங்கட்டும். உங்கள் திரையில் அது ஏழரை முதல் 11 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் கண் நகரும், கண் நகர்வே தனிச் செயல்பாட்டைக் கொண்டுவரும்.

வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து வைக்காதீர்கள். வெள்ளை ஒளி குழாயின் உள்சுவர் முழுவதும் சிதறும். நடுத்தரச் சாம்பல் நிறப் பின்னணி, அதன் நடுவே சிறு கூட்டல் குறி, குழாய்க்குள் எரியும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஒரு சொல்லை எவ்வளவு நேரம் காட்டுவது என்று நீங்கள் கேட்கவில்லை, அடுத்து கேட்பீர்கள். மில்லிவிநாடியில் எழுதாமல் ஃபிரேமில் எழுதுங்கள். 60 ஹெர்ட்ஸில் 12 ஃபிரேம் என்றால் 200 மில்லிவிநாடி, 30 ஃபிரேம் என்றால் அரை விநாடி. 250 மில்லிவிநாடி 15 ஃபிரேம், அதுவும் சரியாக வரும். 220 என்று எழுதினால் 60 ஹெர்ட்ஸ் திரையால் தர முடியாது. ப்ரொஜெக்டர் சிக்னலை வாங்கிப் படமாகக் காட்ட இரண்டு மூன்று ஃபிரேம் தாமதிக்கலாம். மூளையின் ரத்த ஓட்ட மறுமொழி விநாடிக் கணக்கில் நகர்வதால் எஃப்.எம்.ஆர்.ஐ.க்கு அது பொருட்டில்லை. ஆனால் பொத்தான் அழுத்தும் வேகத்தை அளக்கப் போகிறீர்கள் என்றால், ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோடையோடைத் திரை மூலையில் வைத்துத் தாமதத்தை ஒருமுறை அளந்து, எல்லா மறுமொழி நேரங்களிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

டிரிகர் வந்ததும் சொற்களோடு தொடங்காதீர்கள். அதே சதுரங்கக் கட்டத்தை, 15 விநாடி இடம், ஓய்வு, வலம் என்று 5 நிமிடம், வலது பொட்டில் மாத்திரை ஒட்டி, கண்ணாடி தேவைப்படாத ஒருவருக்கும் மைனஸ் 2.75 தோழிக்கும் ஓட்டுங்கள். தோழிக்குச் சரியான லென்ஸ் போட்டு. இடப்பக்கம் காட்டும்போது மாத்திரை இருக்கும் பக்கத்துப் பிடரி எழும்ப வேண்டும். 3 டெஸ்லாவில் ஒன்றிலிருந்து மூன்று சதவீத ஏற்றம், எந்தச் செயலாக்கமும் செய்யாத மூலத் தரவிலேயே கண்ணால் பார்க்கலாம். இருவருக்கும் அது வந்துவிட்டால் வரைபடத்தை இங்கே போடுங்கள், சொற்பட்டியலின் அகலக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.

*

கயல்விழி எழுதியது:

சரி அக்கா. சொற்பட்டியலை அகலம் அளந்து மறுபடி செய்யத் தொடங்கிவிட்டேன். லென்ஸ்பெட்டி சாருக்கு ஒரு கேள்வி: தோழிக்கு மைனஸ் 2.75ஐ அப்படியே போட வேண்டுமா, திரை 107 சென்டிமீட்டரில்தானே இருக்கிறது?

*

லென்ஸ்பெட்டி எழுதியது:

இளவயது என்றால் அப்படியே போடலாம், மீதியைக் கண்ணே சரிசெய்துகொள்ளும். உங்கள் தொகுப்பில் அரை டயாப்டர் இடைவெளிதான் இருக்கிறது என்றால் மைனஸ் 2.5 எடுங்கள், மைனஸ் 3 வேண்டாம். 107 சென்டிமீட்டர் தூரத்துக்கு அவருக்கு மைனஸ் 2 வரை குறைத்தாலும் தெளிவாகவே தெரியும். கூடுதல் பவர் போட்டால் ஒரு மணி நேரம் படுத்திருக்கும்போது கண் களைத்துப்போகும்.